தீப்பெட்டியும் அயல்நாட்டுக் கொள்கையும்

விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசியை அடுத்து விஸ்வநத்தம் என்னும் ஊர் உள்ளது. மழை குறைந்த அவ்வட்டாரத்தில் உழவுத் தொழில் ஒன்றையே நம்பி வாழ்தல் அரிது. ஆதலின் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத் தொழிலுமே அங்குள்ள மக்கட்குச் சோறு அளிப்பன. தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்கிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணிடம் சென்று, "அம்மா, நாட்டின் அயல்நாட்டுக் கொள்கையால் உங்களுக்கு ஆவது என்ன?" என்று வினவினால், "அதெல்லாம் டில்லியில் இருக்கிற பெரியவர்கள் பார்க்கிற காரியம் ஐயா. கட்டை அடுக்குகிற எனக்கு எதற்கு?" என்று அவள் நகைத்து விடையிறுப்பாள். அந்நகைப்பு இயல்பானதே. ஆயினும் அவள் கையிலுள்ள குச்சியின் முனையில் எம்மருந்து இருத்தல் ஆகாது என்பதும், அவள் அடுக்கிய பெட்டி சந்தையில் எதனோடு போட்டியிட வேண்டும் என்பதும், அது கப்பலேறுங்கால் எவ்வெண்ணைத் தாங்கிச் செல்ல வேண்டும் என்பதும் நாடுகள் தம்முள் கூடி முடிவு செய்தவையே ஆகும்.

ஒரு நாடு தன் நலத்தையும் தான் போற்றும் நெறிகளையும் காக்கும்பொருட்டுப் பிற நாடுகளோடு ஒழுகும் முறையே அயல்நாட்டுக் கொள்கை எனப்படும். இது புதிதாகத் தோன்றியதன்று. திருவள்ளுவர் 'தூது' என ஓர் அதிகாரமே வகுத்தார். வலியறிதலையும் காலமறிதலையும் தனித்தனியே விரித்துரைத்தார். அதியமான் நெடுமான் அஞ்சியின்பொருட்டு ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்ற செய்தியைப் புறநானூறு கூறுகின்றது. படைக்கலக் கொட்டிலைக் காட்டித் தன் வலிமையைப் புலப்படுத்த முயன்றான் தொண்டைமான். அவனைப் புகழ்வது போன்ற சொற்களாலேயே அவனுடைய போர்ப்பயிற்சியின்மையைச் சுட்டிக்காட்டினார் அப்புலவர் பெருமாட்டியார். படை ஏந்திச் சென்றோர் செய்தற்கரியதை நாவொன்றே செய்தது.

பகைவரை வயப்படுத்தும் வழிகள் நான்கு எனப் பழைய நூலோர் கொண்டனர்: சாமம், தானம், பேதம், தண்டம். இன்சொல், கொடை, பிரித்தல், ஒறுத்தல் என்பன அவற்றின் பொருள். இக்காலத்து அரசுகள் தூதரகம், உடன்படிக்கை, கடனுதவி, சுங்கவரி, வாணிகத் தடை, படைவலி என்று வேறு பெயர்களால் வழங்குவனவற்றுட் பெரும்பாலானவை இந்நான்கனுள் அடங்கும். நோக்கங்களும் பலவே. எல்லையையும் தன்னுரிமையையும் காத்தல் அவற்றுள் தலையாயது. மக்களின் தொழிலும் வாணிகமும் வளர்தல், உலகில் அமைதி நிலவல், கடல் கடந்து வாழும் தம்மவர்க்கு இடையூறு நேராமை என்பனவும் நோக்கங்களே. இவை எப்போதும் ஒருவழிச் செல்வன அல்ல. ஒன்றைக் காக்கப் புகுங்கால் மற்றொன்று நலிதலும் உண்டு. இதனை அரசியல் நூல்களில் தேடவேண்டுவதில்லை. அடுப்பங்கரையில் உள்ள தீப்பெட்டியின் வரலாற்றிலேயே காணலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல நாடுகளில் தீக்குச்சியின் முனையில் வெண்பாஸ்பரஸ் என்னும் பொருளைச் சேர்த்தனர். அது மலிவானது, எங்கு உரசினும் எளிதில் பற்றுவது. ஆனால் அதன் ஆவியை நாள்தோறும் உட்கொண்ட தொழிலாளர்க்குத் தாடையெலும்பு அழுகிப் போயிற்று. இக்கொடுமையை அறிந்த பின்னரும் உடனே அதனை விலக்க அரசுகள் தயங்கின. காரணம் யாதெனின், ஒரு நாடு மட்டும் விலக்கினால் அதன் தீப்பெட்டி விலை உயரும். விலக்காத அண்டை நாட்டின் மலிவான பெட்டி சந்தையைக் கைப்பற்றிக்கொள்ளும். அறஞ்செய்பவன் இழப்பான், செய்யாதவன் ஈட்டுவான் என்னும் இந்நிலையை மாற்ற ஒரே வழி, பல நாடுகளும் ஒருங்கே விலக்குவது. 1906ஆம் ஆண்டு செப்டம்பரில் சுவிட்சர்லாந்து நாட்டின் பெர்ன் நகரில் அவ்வுடன்படிக்கை எழுதப்பட்டது. எல்லா நாடுகளும் அன்றே கையொப்பமிட்டில. அமெரிக்க ஐக்கிய நாடு வேறொரு கருவியைக் கையாண்டது. 1912இல் இயற்றிய சட்டத்தால் அவ்வகைத் தீக்குச்சிகளின்மீது பெருவரி விதித்து, அவற்றைச் செய்தலே ஆதாயமற்றதாக்கியது. அவற்றின் இறக்குமதியையும் தடுத்தது. இந்தியாவில் 1913இல் வெண்பாஸ்பரஸ் தீக்குச்சித் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தோன்றுதற்குப் பத்தாண்டு முன்னரே, அத்தொழிலாளரின் தாடையெலும்பு இவ்வாறு காக்கப்பட்டுவிட்டது.

அக்காலத்தில் இந்நாட்டு மக்கள் எரித்த தீக்குச்சிகளுள் பெரும்பாலானவை ஜப்பானிலிருந்தும் சுவீடனிலிருந்தும் வந்தவையே. 1922இல் இந்திய அரசு, இறக்குமதியாகும் தீப்பெட்டிகளின்மீது குரோசு ஒன்றுக்கு ஒன்றரை ரூபாய் சுங்கவரி விதித்தது. குரோசு என்பது 144 பெட்டி. அந்நாளில் ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. ஓர் அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி. கணக்கிட்டுப் பார்ப்பின் பெட்டி ஒன்றுக்கு இரண்டு தம்பிடி வரியாகும். அற்பத் தொகை எனத் தோன்றலாம். ஆனால் பெட்டியின் விலையே சில தம்பிடிகள்தாம். அவ்வரி உள்நாட்டுத் தொழிலை வளர்க்கும் எண்ணத்தால் விதிக்கப்பட்டதன்று என்பதும் கருதற்பாலது. ஆண்டவர் ஆங்கிலேயர், அவர்கட்கு வேண்டியது கருவூலத்திற்கு வருவாய். அவர்கள் வருவாய்க்காக எழுப்பிய அச்சுவர் உள்ளூர்த் தொழிலுக்கு வேலியாக அமைந்தது.

அதே 1922இல் சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடார், ஏ. சண்முக நாடார் என்னும் இளைஞர் இருவர் கல்கத்தா சென்றனர். அங்குத் தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்று, 1923இல் ஊர் திரும்பித் தொழில் தொடங்கினர். பெரிய எந்திரங்களை நம்பாமல் கைத்திறனால் செய்யும் முறையே அவ்வூரில் வேரூன்றியது. குச்சி அடுக்கல், மருந்து முக்கல், பெட்டி ஒட்டல் ஆகிய வேலைகள் வீடுதோறும் பரவின.

இனிச் சுவீடன் நாட்டார் செய்தது யாது? சுவரைத் தாண்டி வர வரி தடையாயின், சுவருக்கு உள்ளேயே குடியேறுவது என்று துணிந்தனர். சுவீடன் தீப்பெட்டிக் குழுமத்தின் சார்பில் 1923இல் விம்கோ என்னும் நிறுவனம் இந்தியாவில் பதிவு செய்யப்பட்டது. பம்பாய்க்கு அருகில் அம்பர்நாத்திலும், சென்னையை அடுத்த திருவொற்றியூரிலும், பிற இடங்களிலும் அதன் ஆலைகள் எழுந்தன. உள்ளே செய்த பெட்டிக்கு இறக்குமதி வரி ஏது? சுங்கவரி என்னும் கருவி, விதித்தவர் எண்ணாத ஒருவனைக் காக்கவும் செய்யும், எண்ணாத ஒருவனை உள்ளே அழைத்து வரவும் செய்யும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. 1928இல் இத்தொழிலுக்கென ஒரு பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டு, வருவாய் வரியாக இருந்தது காப்பு வரியாயிற்று. கைத்தொழிலாளரோ எந்திர ஆலையோடு போட்டியிட்டே வாழவேண்டியவர் ஆயினர்.

அச்சுவீடன் குழுமத்தின் தலைவராக விளங்கியவர் ஈவார் குரூகர். அவர் அரசர் அல்லர், தூதரும் அல்லர். ஆயினும் முதல் உலகப் போரால் பொருள் இழந்து தவித்த அரசுகட்குப் பெருங்கடன் கொடுத்து, அதற்கு ஈடாக அந்நாடுகளில் தீப்பெட்டி விற்கும் தனியுரிமையைப் பெற்றார். 1929இல் ஜெர்மனிக்கு அவர் ஒப்புக்கொண்ட கடன் 12 கோடியே 50 இலட்சம் டாலர். தானம் என்னும் பழைய வழி தனியொருவர் கையில் எவ்வளவு கூர்மை பெற்றது! 1932 மார்ச்சில் பாரிசு நகரில் அவர் இறந்தார். அவர் கணக்குகளில் மறைந்திருந்த பொய்கள் பின்னர் வெளிப்பட்டன. ஆனால் ஜெர்மனியில் அத்தனியுரிமை 1983 வரை நீடித்தது. கடன் வாங்கியோர் மாண்டனர், கொடுத்தவரும் மாண்டார், ஐம்பதாண்டுக்கு மேல் அந்நாட்டு மக்கள் அவ்வுடன்பாட்டுக்குக் கட்டுண்டே தீப்பெட்டி வாங்கினர். கடனுதவியைக் கொள்ளுங்கால் வட்டியை மட்டும் நோக்குதல் போதாது.

1947இல் இந்தியா விடுதலை பெற்ற பின்னரே தனக்கென ஒரு கொள்கையை வகுத்துக்கொள்ள இயன்றது. உலக அமைதியைப் பேணலும், நாடுகளிடையே நேர்மையான உறவை வளர்த்தலும், உடன்படிக்கைகளை மதித்தலும் அரசின் கடன் என அரசமைப்பின் 51ஆம் பிரிவு கூறுகின்றது. அயல்நாட்டு உறவும் அயல்நாட்டு வாணிகமும் நடுவண் அரசின் பட்டியலில் அமைந்தவை. எனவே விஸ்வநத்தத்தில் ஒரு தொழில் நலிந்தால், தமிழ்நாட்டு அரசு தானே சுங்கவரி விதித்தல் இயலாது. டில்லிக்கு மடல் எழுதவே இயலும்.

அவ்வாறு எழுத நேர்ந்தது 2022இல். சிறிய நெகிழிச் சிமிழில் வளியை அடைத்துச் செய்த லைட்டர்கள் அயல்நாட்டிலிருந்து, சிறப்பாகச் சீனாவிலிருந்து, மிக மலிவாக வந்து குவிந்தன. பத்து ரூபாய்க்கு விற்கும் ஒரு லைட்டர் இருபது தீப்பெட்டிகளின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்று உற்பத்தியாளர் முறையிட்டனர். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி, குடியாத்தம் ஆகிய இடங்களில் இத்தொழிலால் பிழைப்போருள் பெரும்பாலோர் பெண்கள். தமிழ்நாட்டு முதலமைச்சர் நடுவண் அரசுக்கு இதனை எடுத்துரைத்தார்.

தடுத்துவிட்டால் முடிந்தது என்று எண்ணலாம். அஃது அத்துணை எளிதன்று. 1995இல் உலக வாணிக அமைப்பு தோன்றியபோது இந்தியாவும் அதன் உறுப்பு நாடாயிற்று. இந்தியா பல பொருள்களுக்கு விதித்திருந்த அளவுக் கட்டுப்பாடுகளை எதிர்த்து 1997இல் அமெரிக்கா அங்கு வழக்குத் தொடுத்தது. 1999இல் தீர்ப்பு இந்தியாவுக்கு மாறாக அமைந்தது. எஞ்சியிருந்த கட்டுப்பாடுகளை இந்தியா 2001 ஏப்ரல் 1ஆம் நாள் முதல் நீக்க நேர்ந்தது. தன் பொருள் பிற நாட்டில் விற்கவேண்டும் என விரும்பும் நாடு, பிறர் பொருள் தன் நாட்டில் விற்பதை முற்றும் மறுத்தல் இயலாது. ஆகவே, காரணம் காட்டி, அளவறிந்து, விதி வழுவாமல் தடுக்கவேண்டியதாயிற்று. 2023 ஜூன் 29ஆம் நாள் வெளியிட்ட அறிவிப்பால், இறக்குமதி விலை இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்கள் தடுக்கப்பட்டன. வணிகர் சிலர் லைட்டரின் உறுப்புகளைத் தனித்தனியே கொணர்ந்து இங்குப் பூட்டத் தலைப்பட்டனர். நூறாண்டுக்கு முன் விம்கோ செய்ததனோடு இதனை ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். 2024 அக்டோபரில் அவ்வுறுப்புகளுக்கும் கட்டுப்பாடு வந்தது. மலிவான லைட்டரை வாங்கி மகிழ்ந்த ஏழை ஒருவனுக்கு இத்தடையால் சிறிது இழப்பு உண்டு என்பதையும் மறுத்தற்கில்லை. அவன் இழப்பையும் கட்டை அடுக்கும் பெண்ணின் கூலியையும் ஒரே துலாக்கோலில் வைத்தே அரசு முடிவு செய்யவேண்டும்.

பட்டாசின் நிலையும் இத்தகையதே. உரிமமின்றி அதனை இறக்குமதி செய்தல் ஆகாது. பொட்டாசியம் குளோரேட்டைக் கந்தகத்தோடு கலந்து பட்டாசு செய்தலை இந்தியா 1992இல் தடுத்தது. அக்கலவை சிறிய உராய்விலும் வெடிக்கக்கூடியது. அயல்நாட்டிலிருந்து களவாக வரும் பட்டாசுகளில் இக்கலவை இருத்தலால், அவற்றைத் தடுத்தல் தொழிலுக்கு மட்டுமன்றி உயிருக்கும் காப்பாகும்.

இவ்வட்டாரத்தார் மறத்தற்கியலாத செய்தி ஒன்றும் உண்டு. ஒரு காலத்தில் இங்குள்ள சிறுவர் பலர் பள்ளி செல்லாமல் விடியுமுன் எழுந்து தீப்பெட்டி ஆலைகட்குச் சென்றனர். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசிச் சிறுவரைப் பற்றிய வழக்கிலேயே 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் பொருந்தும் தீர்ப்பை வழங்கியது. அயல்நாடுகளிலும் குழந்தைகள் கைபட்ட பொருளை வாங்கோம் என்னும் குரல் எழுந்தது. அக்குரலில் இரக்கமும் இருந்தது; தம் நாட்டுத் தொழிலைக் காக்கும் தன்னலமும் சில இடங்களில் கலந்திருந்தது. எனினும், வேலைக்குச் சேர்த்தற்குரிய குறைந்த வயதைப் பற்றியதும், குழந்தைத் தொழிலின் கொடிய வடிவங்களைப் பற்றியதுமாகிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கைகள் இரண்டையும் இந்தியா 2017 ஜூன் மாதம் ஏற்று உறுதி செய்தது. பிறர் வற்புறுத்தலுக்கு அஞ்சி ஏற்றதாக இதனைக் கருதுவோர் உளர். ஆனால் உள்நாட்டுச் சட்டமும் தீர்ப்பும் அதற்குப் பல்லாண்டு முன்னரே வந்துவிட்டன என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இன்று இவ்வட்டாரத்துத் தீப்பெட்டிகள் அட்டைப் பேழைகளில் அடைக்கப்பட்டுத் தூத்துக்குடித் துறைமுகம் வழியாக அயல்நாடுகட்குச் செல்கின்றன. அப்பேழையின் புறத்தே 1944 என்னும் எண்ணைக் காணலாம். அஃது ஆண்டைக் குறிப்பதன்று. எளிதில் தீப்பற்றும் பொருள்களை உலகெங்கும் ஒரே முறையில் அடையாளம் காணும்பொருட்டு, ஐக்கிய நாடுகள் அவையின் வல்லுநர் குழு காப்புத் தீக்குச்சிக்கு இட்ட எண் அது. தமிழ் அறியாத மாலுமியும், ஆங்கிலம் அறியாத துறைமுகக் கூலியாளும் அவ்வெண்ணைக் கண்ட அளவில் பேழையுள் இருப்பது யாதென உணர்ந்து, வெப்பம் தாக்காத இடத்தில் அதனை வைப்பர்.