கருப்பைப் புற்றுநோய்க்குப் பின் இதயத்தையும் கவனியுங்கள்

கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்த பெண்களும் குடும்பத்தாரும் எங்களிடம் முதலில் கேட்பது, "நோய் திரும்ப வருமா?" என்பதே. மாதவிடாய் நின்றபின் ஏற்படும் உதிரப்போக்கு இந்நோயை விரைவில் காட்டிக்கொடுப்பதால், பெரும்பாலோர் தொடக்க நிலையிலேயே குணமடைகின்றனர். அவ்வாறு குணமடைந்தோரிடையே பிற்கால உயிரிழப்புக்கு முதன்மைக் காரணம் இதய நோய் என்று மேலைநாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. இதயத்தைப் பற்றிக் கேட்போரோ மிகச் சிலரே.

மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் பெரிதும் கொழுப்புத் திசுவிலேயே உருவாகிறது. கொழுப்பு மிகுந்தால் அது கருப்பையின் உட்சுவரை இடைவிடாது தூண்டும். அதே கொழுப்பே இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் உயர்த்தி இதயக் குழாய்களைக் கெடுக்கிறது. அறுவைச் சிகிச்சை கருப்பையை அகற்றுகிறது. எடையும் அழுத்தமும் சர்க்கரையும் அப்படியே தங்கிவிடுகின்றன. மாதவிடாய் நிற்கும் முன்னரே சூலகங்களை அகற்றியிருந்தால் இதயத்துக்கான இடர் மேலும் கூடும்.

நம் நாட்டுப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.க்குள் இருப்பது நன்று. உடனே அதை எட்ட வேண்டுமென்பதில்லை. 70 கிலோ எடையுள்ளவர் மூன்றரை கிலோ குறைத்தாலே அழுத்தமும் சர்க்கரையும் இறங்கத் தொடங்கும். பட்டினி வேண்டா, சர்க்கரை மாத்திரை உண்போருக்கு அது ஆபத்து. தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ இருக்கட்டும். கேழ்வரகு நல்லதென்று மூன்று சொம்பு கூழ் அருந்துவோரும் உளர், அதுவும் மாவுச்சத்தே.

உப்பு ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராம். அதாவது, நால்வர் உள்ள வீட்டுக்கு மாதம் 600 கிராம் போதும். ஊறுகாய், அப்பளம், கருவாட்டின் உப்பும் இக்கணக்கில் அடங்கும். சமைப்பவர் குடும்பத்தின் வேறொருவராயின் இதை அவரே படிக்க வேண்டும்.

சின்னாளபட்டியில் நாள் முழுவதும் தறியில் அமர்ந்து உழைக்கும் பெண்கள், கை ஓயாது வேலை செய்தாலும், வாரம் 150 நிமிடம் விரைந்து நடத்தல் அவசியம். நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்டுக் கால் வீங்கினால், நடையை நிறுத்தாமல் எங்களிடம் காட்டுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் அன்றே வாருங்கள். அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இல்லத்துக்கே வருகின்றன. அவற்றை இடையில் நிறுத்தலாகாது.

பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலியின்றியும் வரலாம். மூச்சுத்திணறல், வியர்வை, குமட்டல், தாடையிலோ மேல்முதுகிலோ வலி, இதுவரை இல்லாத களைப்பு ஆகியவை திடீரெனத் தோன்றினால், வாயுத்தொல்லை என்று ஓமநீர் அருந்திக் காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.