கறுப்பும் வெளுப்பும்

மலத்தின் பழுப்பு நிறத்துக்குப் பெரும்பாலும் காரணம் உணவு அல்ல, இரத்தம். சுமார் 120 நாள் வாழ்ந்து சிதையும் சிவப்பணுக்களிலிருந்து பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி உண்டாகிறது. கல்லீரல் அதைப் பித்தநீரோடு குடலுக்கு அனுப்புகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் பழுப்பாக மாற்றுகின்றன. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நாடி, நா, விழியோடு மலமும் இடம்பெற்றது சும்மா அல்ல.

நிறம் மாறினால் முதலில் நினைத்துப் பார்க்க வேண்டியது, முந்தைய ஓரிரு நாளில் சாப்பிட்டதை. கீரை பச்சையாக்கும், பீட்ரூட் சிவப்பாக்கும். பேதியின்போது பித்தம் நிறம் மாற அவகாசமின்றி வெளியேறுவதாலும் பச்சை தெரியும். கர்ப்பிணிகளுக்குத் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும். அதைக் கண்டு பயந்து மாத்திரையை நிறுத்துவதுதான் தவறு.

தார் போலப் பிசுபிசுத்து, கடும் நாற்றத்துடன் போகும் கறுப்பு வேறு. இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ கசிந்த இரத்தம் செரித்து அப்படி ஆகிறது. மூட்டுவலிக்குத் தாமாகவே வாங்கி நாள்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்கும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு திருவண்ணாமலையில் 14 கி.மீ. கிரிவலம் சுற்றும் முதியவர்கள் இதை மறக்கக் கூடாது. இத்தகைய கறுப்பு மலத்தோடு தலைசுற்றலும் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பளிச்சென்ற சிவப்பு பெரும்பாலும் மூலம்தான். ஆனாலும் நடுவயதைக் கடந்தவர்கள் அப்படித் தாமே முடிவுகட்டிவிடாமல், குடல் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்வது அவசியம்.

நிறம் காட்டிக்கொடுக்காத இரத்த இழப்பும் உண்டு. கொக்கிப்புழு குடல் சுவரைக் கவ்வி, நாள்தோறும் சிறிது சிறிதாக இரத்தம் குடிக்கும். மலம் வழக்கம்போலவே இருக்கும், சோகை மட்டும் முற்றும். திருவண்ணாமலை மாவட்டத்தின் ஜவ்வாது மலையில் இந்தப் புழுத்தொற்றை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆராய்ந்துள்ளது. வெறுங்காலில் மண்ணை மிதிக்கும்போது தோல் வழியே நுழையும் புழு இது.

அரிசி கழுவிய நீர் போலப் பேதியானால் காலராவைச் சந்தேகிக்க வேண்டும். தீபத் திருவிழா போன்ற பெருங்கூட்டங்களில் குடிநீரின் சுத்தம் உயிர்ப் பிரச்சினையாவது இதனால்தான். 1971இல் வங்கதேச அகதிகளின் முகாமில் மருத்துவர் திலீப் மகலநாபிஸ் உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுத்தே காலரா சாவுகளைப் பெருமளவு குறைத்துக் காட்டினார்.

மிக அவசரமானது பச்சிளங்குழந்தையின் வெளுத்த மலம். முதல் சில நாள் கரும்பச்சை, பிறகு கடுகு மஞ்சள் என்பது இயல்பு. சுண்ணாம்பு நிறத்தில் போனால் பித்தநீர் குடலுக்கு வரவில்லை என்று பொருள், பித்தக்குழாய் அடைபட்டிருக்கலாம். அதற்கு ஜப்பானிய மருத்துவர் கசாய் வகுத்த அறுவை சிகிச்சையைப் பிறந்த 60 நாளுக்குள் செய்தால் பலன் அதிகம். தைவானில் 2004 முதல் ஒவ்வொரு தாய்க்கும் மலத்தின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க நிற அட்டை தருகிறார்கள். குழந்தை கொழுகொழுவென்று இருந்தாலும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் மஞ்சள் காமாலையை வெயிலில் காட்டினால் சரியாகும் என்று விட்டுவிடக் கூடாது. மலம் வெளுத்திருந்தால் அன்றே குழந்தை மருத்துவரிடம் காட்டி, நேரடி பிலிருபின் அளவைச் சோதித்தாக வேண்டும்.