குழந்தை பால் கக்கினால் அஞ்ச வேண்டியது எப்போது?

வெள்ளவத்தையிலாயினும் கொட்டாஞ்சேனையிலாயினும், குடித்த பாலைக் குழந்தை கக்கிவிட்டால் வீட்டார் கலங்கி மருந்துக்கடையை நாடுவது வழமை. பெரும்பாலும் அக்கலக்கம் அவசியமற்றது.

உணவுக்குழாய் இரைப்பையைச் சந்திக்கும் இடத்திலுள்ள தசைவளையம் கைக்குழந்தைகளில் முழு வலிமை பெற்றிருப்பதில்லை. இதனால் பால் எளிதில் மேலேறுகின்றது. ஏறத்தாழ 4 மாத வயதில் உச்சமடையும் இந்நிலை, 12 முதல் 18 மாதங்களுக்குள் பெரும்பாலும் தானாகவே நீங்கிவிடும்.

குழந்தையின் எடை ஒழுங்காகக் கூடுகின்றதா என்பதே முதல் உரைகல். சிறுவர் சுகாதாரப் பதிவேட்டில் வளர்ச்சிக்கோடு சீராக மேலேறி, குழந்தையும் உற்சாகமாக இருக்குமாயின் பொதுவாக மருந்து தேவையில்லை. பாலூட்டியபின் ஏவறை வரும்வரை நிமிர்த்தி வைத்திருப்பது போதுமானது. கக்கும் குழந்தையையும் மல்லாந்தே உறங்க வைக்க வேண்டும். குப்புறக் கிடத்துவது ஆபத்தானது.

இரண்டாவது உரைகல் நிறமாகும். பச்சை நிற வாந்தி குடலடைப்பின் அறிகுறியாக இருக்கலாம். குடல் முறுக்கிக்கொண்டால் சில மணித்தியாலங்களிலேயே அது அழுகக்கூடும். ஆகவே, விடியட்டும் என்று காத்திராது பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ அண்மையிலுள்ள வைத்தியசாலைக்கோ விரைய வேண்டும். வாந்தியில் இரத்தம், காய்ச்சலுடன் சோர்வு, சிறுநீர் குறைதல் என்பனவும் அவ்வாறே. பிறந்து 2 முதல் 8 வாரங்களில் பாலூட்டும்தோறும் பீறிட்டு வாந்தியெடுத்தால், இரைப்பையின் கீழ்வாய் தடித்து ஒடுங்கியிருக்கலாம். சத்திரசிகிச்சை அதனைக் குணப்படுத்தும்.

வளர்ந்த பிள்ளைகளுக்கு வாந்தியுடன் வயிற்றோட்டமும் ஏற்படின், பொதியிற் கூறியவாறு கரைத்த ஜீவனியைச் சிறிது சிறிதாகப் பருகக் கொடுக்கலாம்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது கக்கிய பாலின் அளவையன்று. அதன் நிறத்தையும் குழந்தையின் எடையையுமே.