ஊர்த் தேர்தலில் இரண்டு கேள்விகள்: மதுக்கடையும் பள்ளிக்கூடமும்

பஞ்சாயத்துத் தேர்தல் வந்துவிட்டால் ஊரில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், சாக்கடை என்று தொடங்கும் பேச்சு, பொழுது சாய்ந்ததும் டீக்கடை பெஞ்சில் வேறு இரண்டு விஷயங்களில் வந்து நிற்கும். ஒன்று, மதுக்கடை. மற்றொன்று, பள்ளிக்கூடத்தில் மதம் நுழையலாமா என்பது. முன்னது புருஷனைத் தொடுகிறது. பின்னது பிள்ளையைத் தொடுகிறது. இவ்விரண்டிலும் சூடு ஏறுவதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் வாசலில் வந்து கும்பிடு போடும் அபேட்சகரால் இவற்றில் எதைச் செய்ய முடியும்? எதைச் செய்ய முடியாது? ஓட்டுப் போடுமுன் தெரிந்துகொள்வது நல்லதல்லவா?

நான்கு நிறச் சீட்டு

புதுக்கோட்டை ஜில்லா கோட்டைப்பட்டினத்தை எடுத்துக்கொள்வோம். மணமேல்குடி வட்டத்தில், கிழக்குக் கடற்கரையில் உள்ள மீன்பிடி ஊர். முஸ்லிம்களும் இந்துக்களும் அண்டை அயலாக வாழ்கிறார்கள். கடலை நம்பிய பிழைப்பு. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த நாட்களில் அடுப்பெரியக் கடன் வாங்கும் குடும்பங்கள் கடற்கரையெங்கும் உண்டு. மதுக்கடைக்கு மட்டும் எந்த ஊரிலும் 61 நாள் தடைக்காலம் கிடையாது!

இத்தகைய கிராம ஊராட்சிகளில் வாக்காளருக்கு நான்கு ஓட்டுகள். 2019 டிசம்பர் தேர்தலில், தலைவருக்கு இளஞ்சிவப்புச் சீட்டு, ஒன்றிய உறுப்பினருக்குப் பச்சை, ஜில்லா ஊராட்சி உறுப்பினருக்கு மஞ்சள், வார்டு உறுப்பினருக்கு வெள்ளை அல்லது நீலம். தலைவர், வார்டு உறுப்பினர் ஆகிய இரு பதவிகளுக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. ஆகவே அங்கே கட்சியைவிட ஆளும், அவர் தரும் வாக்குறுதியும்தான் எடை போடப்படுகின்றன. அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக் காலம் 2025 ஜனவரியில் முடிந்தது.

பூட்டுச் சாவி யாரிடம்?

மதுவிலக்கு நம் நாட்டில் பழைய தேர்தல் சரக்கு. 1921-ல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் முன்நின்றார்கள். 1937-ல் ராஜாஜி மந்திரி சபை, அக்டோபர் 1-ந் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியது. கள்ளுக்கடை வருமானம் போனதை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி வந்தது. 1948-ல் மதுவிலக்கு மாகாணம் முழுவதும் பரவியது. 1971-ல் நிறுத்தி வைக்கப்பட்டு, 1974-ல் திரும்பி வந்து, 1981-ல் மறுபடி போயிற்று. மதுவிலக்குக்காக வந்த விற்பனை வரியோ போகவே இல்லை!

2003-ல் சில்லறை மது விற்பனையைச் சர்க்காரின் டாஸ்மாக் நிறுவனமே ஏற்றுக்கொண்டது. 2023-24-ல் இதனால் வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். 2016 சட்டசபைத் தேர்தலில் அ.தி.மு.க., தி.மு.க. இரண்டுமே மதுவிலக்கைப் பேசின. அவ்வாண்டு 500 கடைகளும், 2017-ல் 500 கடைகளும், 2023-ல் 500 கடைகளும் மூடப்பட்டன. மற்றவை திறந்தே இருந்தன.

இதிலிருந்து என்ன தெரிகிறது? பூட்டுச் சாவி சென்னைக் கோட்டையில் இருக்கிறது, கோட்டைப்பட்டினத்தில் இல்லை. கிராம சபை தீர்மானம் போடலாம். அது ஊரின் குரல். அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் தீர்மானமே பூட்டு ஆகிவிடாது.

அப்படியானால் ஊர் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதானா? இல்லை. 2003-ம் ஆண்டு விதிப்படி, நகராட்சி, மாநகராட்சி தவிர்த்த இடங்களில் கோவில், பள்ளிவாசல், மாதாகோவில், பள்ளிக்கூடம் ஆகியவற்றிலிருந்து 100 மீட்டருக்குள் மதுக்கடை வைக்கலாகாது. மேடை முழக்கம் சாதிக்காததை ஒரு அளவு நாடா சாதிக்கக்கூடும்! அளந்து, எழுதி, கலெக்டரிடம் கொண்டு போகத் தெரிந்த தலைவர் வேண்டும்.

2016 டிசம்பரில் நெடுஞ்சாலையோர மதுக்கடைகளுக்கு எதிராகச் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அங்கிருந்து நகர்ந்த கடைகள் ஊருக்குள் வரப் பார்த்தபோது, 2017-ல் பல ஜில்லாக்களில் பெண்களே திரண்டு தடுத்தார்கள். திருப்பூர் ஜில்லா சாமளாபுரத்தில் அவர்கள் அடியும் வாங்கினார்கள்.

கடல் கடந்த ஓர் உதாரணம்

நியூஜிலாந்தில் முறை வேறு. அங்கே 1894-ல் மதுக்கடை வேண்டுமா, வேண்டாமா என்று வட்டார வாரியாகவே ஓட்டெடுத்தார்கள். ஐந்தில் மூன்று பங்கு பேர் ‘வேண்டாம்’ என்றால் கடை மூடப்படும். அம்முறை க்ளூதா என்ற ஒரே வட்டாரம் மூடியது. 1919 ஏப்ரலில் நாடு முழுவதற்கும் ஓட்டெடுத்தபோது உள்நாட்டு ஓட்டில் மதுவிலக்கே முந்தியது. கடல் கடந்திருந்த போர்வீரர்களின் சுமார் 40,000 ஓட்டுகள் வந்து சேர்ந்தன. அவற்றில் ஐந்தில் நான்கு பங்கு மதுவிலக்குக்கு எதிர். மதுவிலக்கு தோற்றது!

அதே நாட்டில் 1877-ம் ஆண்டுச் சட்டம், சர்க்கார் ஆரம்பப் பள்ளிப் பாடத்தில் மதம் கூடாது என்றது. பள்ளியில் பைபிள் வேண்டுமென்று 1912 முதல் ஓர் இயக்கம் பொது ஓட்டெடுப்புக் கேட்டது, கிடைக்கவில்லை. மதுவை ஓட்டுக்கு விட்டவர்கள், குழந்தையின் மதத்தை ஓட்டுக்கு விடவில்லை.

பள்ளிக்கூட வாசலில்

நம் அரசியல் சட்டத்தின் 28-வது ஷரத்தும் இதைத் தெளிவாகச் சொல்கிறது. முழுக்க முழுக்கச் சர்க்கார் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது. உதவி பெறும் பள்ளியில் நடத்தினாலும், பெற்றோர் சம்மதமின்றி எந்தப் பிள்ளையையும் அதில் உட்காரவைக்கக் கூடாது. சிறுபான்மையோர் தங்கள் பள்ளியைத் தாங்களே நடத்தும் உரிமையை 30-வது ஷரத்து காக்கிறது. ஆகவே, “நான் ஜெயித்தால் எங்கள் சாமி பாட்டு” என்பவரும், “நான் ஜெயித்தால் அவர்கள் பள்ளிக்குப் பூட்டு” என்பவரும் தம்மிடம் இல்லாத சரக்கை விற்கிறார்கள்.

ஒரு காலத்தில் ஆரம்பப் பள்ளிகளைப் பஞ்சாயத்து யூனியன்கள் நிர்வகித்தன. 1981-ல் அந்த ஆசிரியர்கள் அரசு ஊழியர்களானார்கள். ஊரின் பிடி அத்துடன் போய்விடவில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். உள்ளாட்சிப் பிரதிநிதிக்கும் அதில் இடமுண்டு. ஓட்டைக் கூரை, தண்ணீரில்லாத கழிப்பறை, வராத வாத்தியார் ஆகியவற்றை அங்கே கேட்கலாம். இதில் இந்துப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை, கிறிஸ்தவப் பிள்ளை என்ற பேதம் ஏது?

கேளுங்கள்!

ஆகவே அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் இரண்டே கேள்விகள் கேளுங்கள். “மதுக்கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே எத்தனை மீட்டர் என்று அளந்து பார்த்தீர்களா? பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு எத்தனை முறை போனீர்கள்?”

பதில் சொல்லத் தெரிந்தவர் எந்தத் தெருக்காரராயினும், எந்த மதத்தவராயினும் சரி. பதில் தெரியாமல் சாமியின் பெயரைச் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பவர் நம் சொந்தக்காரரே ஆனாலும், அவரிடம் நாம் ஒப்படைக்கப்போவது நம் வீட்டுக் கஞ்சியையும் பிள்ளையின் படிப்பையும் என்பதை மறந்துவிடக் கூடாது.