பழைய மோட்டார் வண்டியின் இரப்பர் உறுப்புகள்

மோட்டார் வண்டியின் எஃகுப் பாகங்கள் உறுதி குன்றாதிருக்கையிலேயே, அவற்றிடையே அமைந்த இரப்பர் உறுப்புகள் நலிந்துவிடுவதுண்டு. 2014-ஆம் ஆண்டில் உற்பத்தி நிறுத்தப்பட்ட அம்பாசடர் போன்ற பழைய கார்களைப் பேணுவோர் இதனை நன்கு அறிவர். கதவோரப் பட்டை வழியே மழைநீர் கசியும். ரேடியேட்டர்க் குழாய் வெடிக்கும். பிரேக் மிதி தளரும். இவற்றுள் எதனைச் செப்பனிடலாம், எதனை மாற்றியே தீர வேண்டும் என்பதை உணர, முதலில் இரப்பரின் இயல்பை அறிதல் வேண்டும்.

இரப்பர், நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆனது. இயற்கை இரப்பர் வெப்பத்தில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். அதனைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் இக்குறைகள் நீங்கும் என்பதைச் சார்லஸ் குட்இயர் என்னும் அமெரிக்கர் 1839-ஆம் ஆண்டில் கண்டறிந்தார். கந்தகம் சங்கிலிகளைக் குறுக்கே பிணைக்கிறது. இழுத்து விட்ட இரப்பர் பழைய உருவத்தை அடைவது இப்பிணைப்புகளினாலேயே ஆகும்.

நாளடைவில் வெப்பமும் காற்றிலுள்ள பிராணவாயுவும் இவ்வமைப்பைக் குலைக்கின்றன. சங்கிலிகள் அறுபட்டால் இரப்பர் பிசுபிசுக்கும். பிணைப்புகள் மிகுந்தால் கடினமாகும். இழுத்த நிலையிலுள்ள இரப்பரை ஓசோன் தாக்குகையில், இழுவிசைக்குக் குறுக்காக வெடிப்புகள் தோன்றும். இவை இரசாயன மாறுதல்கள். ஆதலின் எப்பூச்சும் முதிர்ந்த இரப்பரை மீண்டும் இளமையாக்காது.

மற்றொரு பகை, பெட்ரோலியத்திலிருந்து பெறும் எண்ணெய். இயற்கை இரப்பர் அதனை உறிஞ்சி உப்பி, வலிமை இழக்கும். நைட்ரைல் என்னும் செயற்கை இரப்பர் அதனைத் தாங்க வல்லது. எனவே எஞ்சின் எண்ணெய் படும் இடங்களில் அது பயன்படுகிறது. பிரேக் சிலிண்டர்களிலுள்ள இரப்பர்க் கிண்ணங்களோ கிளைக்கால் வகைப் பிரேக் திரவத்திற்கு ஏற்றவை. எஞ்சின் எண்ணெயைத் தாங்கா.

அவசரத்தில் பிரேக் திரவத்திற்குப் பதிலாக எஞ்சின் எண்ணெயை ஊற்றுவோர் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும். முதல் நாளில் பிரேக் நன்கு பிடிப்பதாகவே தோன்றும். பின்னர்க் கிண்ணங்கள் உப்பும். மாஸ்டர் சிலிண்டரில் திரவம் திரும்பும் சிறு துளை அடைபட்டு, காலை எடுத்த பின்னும் பிரேக் விடாது பிடிக்கும். அல்லது திரவம் கசிந்து பிரேக் அறவே செயலிழக்கும். எண்ணெயை வடித்துவிட்டால் மட்டும் போதாது. குழாய்களைக் கழுவி, எண்ணெய் பட்ட இரப்பர் உறுப்புகள் அனைத்தையும் மாற்ற வேண்டும். சிலிண்டரைத் துடைக்கப் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ கூடாது; தூய பிரேக் திரவமே தக்கது.

எனவே பழுது பார்ப்போர் பின்வருவனவற்றை நினைவிற் கொள்வது நலம்:

1. கதவோரப் பட்டை கழன்றிருப்பின், இரப்பர்ப் பசையால் மீண்டும் ஒட்டலாம். சிலிக்கோன் பசைமம் தடவினால் உலராது நீடிக்கும்.

2. ரேடியேட்டர்க் குழாயை எஞ்சின் குளிர்ந்த பின் அழுத்திப் பார்க்க வேண்டும். உப்பியோ, விறைத்தோ, வெடித்தோ இருப்பின் மாற்றுக. துணி சுற்றிக் கட்டுவது வழியிற் செய்யும் தற்காலிக ஏற்பாடே.

3. பிரேக் கிண்ணத்தையும் பிரேக் குழாயையும் ஒருபோதும் ஒட்டிச் செப்பனிடலாகாது, புதியதே பொருத்துக.

4. உதிரி உறுப்புகள் கடையில் இருக்கையிலும் முதிரும். அவற்றை வெயில்படாத, குளிர்ந்த இடத்தில், மின் மோட்டார்களுக்கு அப்பால் வைத்தல் வேண்டும். மோட்டாரின் மின்பொறியால் ஓசோன் உண்டாகும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதில் விளக்கலாம். ஒரே அளவான இரு இரப்பர் வளையங்களில் ஒன்றைத் தண்ணீரிலும் மற்றொன்றை மண்ணெண்ணெயிலும் ஒரு நாள் ஊறவிடுக; அருகில் நெருப்பு இருத்தலாகாது. மறுநாள் மண்ணெண்ணெயில் ஊறிய வளையம் பருத்திருக்கும். இழுத்தால் எளிதில் அறும். மிதியின் கீழுள்ள சிறு கிண்ணத்தின் நிலையும் இதுவே என்று மாணாக்கர் உணர்வராயின், பிரேக் புட்டியில் எதனை ஊற்றலாகாது என்பதை அவர்கள் என்றும் மறவார்.