கொதிக்கும் யந்திரமும் அதன் பரிகாரமும்

நான்கு சக்கரங்களும் உந்தப்பெறும் மோட்டார் வண்டி, ஏனையவை செல்லலாகாத மலைப்பாதையிலும் மணல்வெளியிலும் செல்லவல்லது. அத்தகைய இடத்தில் யந்திரம் கொதித்து நின்றுவிடின், பிரயாணிகள் படும் இன்னல் சிறிதன்று. ஆதலின் அதன் காரணத்தை ஆராய்வது பயனுடைத்து.

1994ஆம் ஆண்டு முதல் லாண்ட் ரோவர் வண்டிகளில் அமைந்த 300 டி.டி.ஐ. என்னும் டீசல் யந்திரத்தை உதாரணமாகக் கொள்வோம். அது நான்கு சிலிண்டர்களும் 2,495 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடையது. வெளியேறும் புகையினால் சுழலும் டர்போ என்னும் கருவி, சிலிண்டர்களுக்குள் காற்றை அழுத்திச் செலுத்துகிறது. காற்று மிகுந்தால் எண்ணெயும் மிகுதியாக எரியலாம், பலம் கூடும், உஷ்ணமும் உடன் கூடும். அவ்வுஷ்ணத்திற் பாதிக்கும் குறைந்த பங்கே வேலையாக மாறுகிறது. எஞ்சியதிற் பெரும்பகுதி புகையோடு போகவும், தண்ணீரால் ரேடியேட்டருக்குச் சுமந்து செல்லப்பட்டுக் காற்றிற் கலக்கவும் வேண்டும்.

எனவே, குற்றம் மூன்றிடங்களில் நேரலாம்: உஷ்ணம் அளவுமீறிப் பிறத்தல், தண்ணீர் அதனைச் சுமவாமை, காற்று அதனை ஏற்காமை. இவற்றுள் எது என்பதை, உஷ்ணமானியின் முள் ஏறும் சமயமே பெரும்பாலும் உணர்த்திவிடும்.

வண்டி மெல்லச் செல்லுங்கால் மட்டும் முள் ஏறி, விரைந்து ஓடுங்கால் இறங்குமாயின், விசிறியின் கிளச்சை ஐயுறுக. அதனுள்ளிருக்கும் சிலிக்கோன் திரவம் கசிந்துபோயின் விசிறி தளர்ந்து சுழலும். விரைவிலும் மேட்டிலும் முள் ஏறுமாயின், ரேடியேட்டர் அடைபட்டிருத்தல் கூடும். சேறும் புல்விதைகளும் வெளியே அடைத்திருந்தால், யந்திரத்தின் பக்கமிருந்து முன்னோக்கித் தண்ணீர் பாய்ச்சிக் கழுவுதல் வேண்டும். பலத்தை விரும்பி எண்ணெயின் அளவை உயர்த்தியிருந்தால், அதனைப் பழைய அளவிற்கு மீட்க வேண்டும். முள் உயர்ந்தும் ரேடியேட்டரின் மேற்குழாய் சூடாகாதிருப்பின், தெர்மோஸ்டாட் மூடியபடியே நிற்கிறது எனலாம். அதனை மாற்றுவதே முறை; கழற்றி எறிந்துவிட்டால் யந்திரம் தக்க சூடு பெறாது தேயும்.

வெளியே கசிவின்றித் தண்ணீர் குறைந்து, குமிழிகள் இடையறாது எழுமாயின், சிலிண்டர் தலையின் காஸ்கெட் பழுதுற்றதெனக் கொள்ளலாம். இவ்யந்திரத்தின் தலை அலுமினியம், அடிப்பகுதி இரும்பு. ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரியும். ஆகையால் ஒருமுறை அளவுமீறிக் கொதித்தாலும் தலை கோணிவிடக்கூடும்.

வழியில் முள் ஏறக் கண்டால், பாரத்தைக் குறைத்து, வண்டியினுள் வெப்பந்தரும் ஹீட்டரை முழுதும் திறந்துவிடுக. அதுவும் ஒரு சிறு ரேடியேட்டரே. முள் திடீரென வீழ்ந்தால் மகிழலாகாது. தண்ணீர் வற்றியதனால் கருவி வறிதே நிற்றலும் கூடும். அக்கணமே யந்திரத்தை நிறுத்துக. சூடாறுமுன் மூடியைத் திறவற்க. அழுத்தம் காரணமாக உள்ளே தண்ணீர் 100 பாகைக்கு மேலும் கொதியாது நிற்கும். திறந்த மாத்திரத்தில் பொங்கி உடலை வேகச்செய்யும்.

நோயின் முதல் நாடிப் பரிகாரம் தேடுவோர்க்கு யந்திரமும் பணியும். வெறுமனே தண்ணீரை ஊற்றிக்கொண்டே செல்வோர்க்கு அது இடைவழியில் நின்றுவிடும்.