பேர் கம்பெனிக்கு, பதில் சொல்வது நாம்



பிஸ்கட் நமுத்துப் போயிருந்தால் வாடிக்கையாளர் பம்பாய்க்கும் டெல்லிக்கும் கடிதம் எழுதுவதில்லை. நேரே நம் கல்லாப்பெட்டி முன் வந்து, "ஏனுங்க, இப்படிச் சரக்குக் குடுத்தா எப்படிங்க?" என்றுதான் கேட்கிறார். பெரியநாயக்கன்பாளையத்தில் நாற்பது ஆண்டுகளாக மொத்த வியாபாரம் செய்துவரும் நாம் இதைத் தினமும் பார்க்கிறோம். ஆகவே பெரிய கம்பெனிகள் தங்கள் நற்பெயரையும் பொறுப்பையும் எப்படிக் கவனிக்கின்றன என்பது நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பழி யார் மேல்?

2003 அக்டோபரில், தீபாவளி நேரத்தில், மகாராஷ்டிரத்தில் கேட்பரி சாக்லேட்டில் புழு இருப்பதாகப் புகார் எழுந்தது. கடைகளில் சரியாக வைக்காததே காரணம் என்று கம்பெனி சொன்னது. பேக்கிங் சரியில்லாமலும் இருக்கலாமே என்று அதிகாரிகள் கேட்டனர். சில மாதங்களில், 2004 தொடக்கத்தில், உறையையே மாற்றி, அமிதாப் பச்சனை வைத்து விளம்பரம் செய்து, கம்பெனி பேரை மீட்டுக்கொண்டது. ஆனால் முதல் பழி விழுந்தது கடைக்காரர் தலையில்தான்.

2015 ஜூன் 4-ல் தமிழக அரசு மேகி நூடுல்ஸை 3 மாதம் தடை செய்தது. காரீயம் அளவுக்கு மீறி இருப்பதாகச் சொல்லி, மறுநாள் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுவதும் திரும்பப் பெற உத்தரவிட்டது. சரக்கு நல்லதுதான் என்று சொல்லிவந்த நெஸ்லே, 30,000 டன்னுக்கு மேல் திரும்பப் பெற்று அழித்தது. ஆகஸ்ட் 13-ல் பம்பாய் உயர்நீதிமன்றம் தடையை ரத்து செய்து மறுபரிசோதனைக்கு உத்தரவிட்டது. நவம்பரில் சரக்கு மீண்டும் வந்தது.

கொடைக்கானலில் இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடப்பட்டது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய சாமான் கடையில் கிடந்ததுதான் விஷயத்தை வெளியே கொண்டுவந்தது. முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட்டது 2016-ல்! பேரைக் காப்பது வேறு, பொறுப்பேற்பது வேறு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

சட்டம் சொல்வது

2013-ம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி, ரூ.1,000 கோடி விற்றுமுதல், ரூ.500 கோடி நிகர மதிப்பு, ரூ.5 கோடி நிகர லாபம் இவற்றில் ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய 3 ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பெரிய கம்பெனிகளில் இதைக் கவனிக்க இயக்குநர்கள் குழு ஒன்று உண்டு. ஆனால் அன்றாட வியாபாரத்தில் செய்யும் செலவு இந்தக் கணக்கில் சேராது. பள்ளிக்குக் கட்டடம் கட்டினால் கணக்கில் வரும். நம்மிடம் தேங்கிய சரக்கை ஒழுங்காகத் திரும்ப எடுத்தால் வராது.

பங்குச் சந்தையின் முதல் 1,000 கம்பெனிகள் 2022-23 முதல் பொறுப்பு அறிக்கை ஒன்றையும் வெளியிட வேண்டும். வாடிக்கையாளர் புகார், திரும்பப் பெற்ற சரக்கு ஆகிய விவரங்கள் அதில் இருக்கும். நம் பிள்ளைகளை விட்டுப் படித்துப் பார்க்கலாம்.

நம் அனுபவம்

ஒரு கம்பெனி (பேர் வேண்டாம்) காலாவதிச் சரக்கை எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, பத்து மாதம் நம் குடோனிலேயே வைத்திருந்தது. அதே வாரம் அவர்கள் மரம் நட்ட படம் வழவழப்பான தாளில் அச்சாகி நமக்கு வந்தது. மரம் நடட்டும், சந்தோஷம். ஆனால் சின்னக் கடைக்காரர்களுக்கு அந்தச் சரக்குக்கு ஈடு கொடுத்தது நாம்தான். கேட்டால், பில் நகலும் பேட்ச் எண்ணும் அனுப்பச் சொன்னார்கள். பாதி சரக்குக்கு நம்மிடம் அவை இல்லை. தவறில் நமக்கும் பங்குண்டு.

நாம் செய்ய வேண்டியது

2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 26-வது பிரிவுப்படி, நமக்குச் சரக்கு கொடுத்தவர் தரும் பில்லே தரத்துக்கான உத்தரவாதம் ஆகும். பில் இல்லாமல் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். சரக்கைச் சுத்தமாக, ஈரம் படாமல் வைத்திருந்தோம் என்று காட்டவும் முடிய வேண்டும். தேதி கடந்த சரக்கை விற்றால் குற்றம் நம்முடையதே.

ஆகவே பில்லைக் கோப்பில் வையுங்கள். பேட்ச் எண்ணைக் குறியுங்கள். திருப்பும் சரக்குக்கு எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். இழுத்தடித்தால் தனியாகப் போராடாமல் சங்கத்துக்கு எழுதுங்கள்.

கம்பெனியின் பேரைக் காக்கக் குழு இருக்கிறது, விளம்பரம் இருக்கிறது. நம் கடைப் பேரைக் காக்க நம் நாணயமும் நம் பில் புத்தகமும்தான் இருக்கின்றன.